பொம்மையன் கத்தியில் எலுமிச்சம்பழம்

1

இது கதையாகப் பிறந்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விவசாயிகளுக்காக நடந்துவந்த ஒரு மாத இதழின் ஆசிரியர் என்னிடம், "மடக்குக் கத்தி பார்த்து வாங்குவது எப்படி, வாங்கியதைத் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். கதை வேண்டாம்" என்றார். கடைசி இரண்டு வார்த்தைகளைச் சற்று அழுத்தியே சொன்னார். என்னை அவருக்கு முன்பே தெரியும்.

நானும் ஒழுங்காகத்தான் தொடங்கினேன்:

"நல்ல மடக்குக் கத்திக்கு அடையாளம் மூன்று. ஒன்று, விரித்தபின் அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. இரண்டு, மடக்கினால் பிடியின் நட்டநடுவில் போய் உட்கார வேண்டும். எந்தப் பக்கமும் உரசக் கூடாது. மூன்று, விரிக்கும்போது"

விரிக்கும்போது என்று எழுதினேனோ இல்லையோ, யாரோ விரித்துவிட்டார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் திண்டுக்கல் கடைவீதியில் ஓர் இரும்புச் சாமான் கடை. அதன் வாசலில் ஒருவர், தலையைச் சாய்த்து, ஒரு கத்தியைக் காதோரம் வைத்து விரிப்பதும் மடக்குவதுமாக நின்றுகொண்டிருந்தார். அகரத்துக்காரர். தக்காளியும் கத்திரியும் போடுகிற சம்சாரி. சந்தையில் கூடைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. பெயர் பொம்மையன்.

கட்டுரை அத்தோடு முடிந்தது. மூன்றாவது அடையாளம் என்னவென்று இதழாசிரியர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

2

கதை என்று ஆகிவிட்டால் தொடக்கம் வேண்டுமே. ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"மலைக்கோட்டைக்குப் பின்னே சூரியன் செக்கச்சிவந்து சரிய, அந்த மங்கிய ஒளியில் கூரிய அலகொன்று"

வேண்டாம். கொலை விழப்போகிறது என்று சேலை நுனியையும் துண்டு நுனியையும் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். இந்தக் கத்தி யாரையும் குத்தாது. உண்மையைச் சொன்னால், கிட்டத்தட்ட எதையுமே வெட்டாது. வில்லங்கமே அதுதான்.

இன்னொன்று:

"அறுபதுகளின் தொடக்கத்தில், எவர்சில்வர் பாத்திரங்கள் மெல்லமெல்லக் கல்யாணச் சீர்வரிசையில் இடம்பிடிக்கத் தொடங்கிய காலத்தில்"

இது பள்ளிக்கூடப் பாடம். ஆனாலும் எவர்சில்வர் சங்கதியை மறந்துவிடாதீர்கள். பேசாமல் கடையில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர் அப்துல் கையூம் இரண்டு கத்திகளை எடுத்துப் பலகைமேல் வைத்தார். ஒன்று எவர்சில்வர். பளபளவென்று மின்னியது. மற்றொன்று எருமைக் கொம்புப் பிடி போட்டது. அலகு சாம்பல் நிறம். பார்க்க அழுமூஞ்சி.

"இதுல எது நல்ல கத்தி ராவுத்தரே?"

"எதுக்கு வேணும் உங்களுக்கு?"

"கத்தி எதுக்கு வேணும்? வெட்டத்தான்."

"அப்ப இதத் தொடாதீங்க" என்று பளபளப்பானதை ஓரமாகத் தள்ளினார் கையூம். "இது மூஞ்சி பாக்க. சவரம் பண்றப்பக் கண்ணாடி ஒடஞ்சுபோச்சுன்னா ஒதவும். துருப்பிடிக்காது, நெசந்தான். ஆனா கூரும் நிக்காது. இந்தா, இவன் உருக்கு. வெங்காயத்த உரிக்கச் சொன்னா வெங்காயத்துக்கே தெரியாம உரிச்சுருவான். ஆனா கோவக்காரப் பய. ஈரம் ஆகாது. புளிப்பு சுத்தமா ஆகாது. மாங்கா, தக்காளி, எலுமிச்ச எதையும் கிட்டக் காட்டிறாதீங்க, மூஞ்சி கருத்துப்போவான். வெட்டுனாத் தொடைக்கணும், காய விடணும், தையல் மிசின் எண்ண ஒரு சொட்டுத் தடவித்தான் மடக்கணும். ஈரத்தோட மடக்குனீங்க, உள்ளுக்குள்ளயே அரிச்சுருவான்."

"நான் போடுறதே தக்காளிதானய்யா?"

"அப்ப இவன வீட்ல விட்டுட்டுத் தோட்டத்துக்குப் போங்க."

பொம்மையன் சிரிக்கவில்லை. கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மடங்கிய அலகு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். விரித்து, அலகை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. முன்னங்கை முடியில் லேசாக வழித்தார். அந்த இடம் எண்ணெய் தேய்த்த பிள்ளை மாதிரி ஆயிற்று. வாங்கிவிட்டார். விலையை நான் சொல்லப்போவதில்லை. மாயம்மாளுக்கே* அவர் இன்னும் சொல்லவில்லை.

(* மாயம்மாள்: பொம்மையனின் மனைவி. பிறந்த ஊர் சித்தையன்கோட்டை. இவரை அடிக்குறிப்பில் அறிமுகப்படுத்தியதற்காக நான் பின்னால் அனுபவிப்பேன்.)

3

இங்கே எனக்கொரு சந்தேகம் வந்து இரண்டு நாள் எழுதவில்லை. ஒரு மனுசன் ஒரு கத்திமேல் இவ்வளவு ஆசை வைக்கக் காரணம் வேண்டாமா? காரணம் சொல்லாவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்களே என்று ஒரு சோகத்தைத் தயார் பண்ணினேன்:

"பொம்மையனின் தகப்பனார் சாகும் தறுவாயில், மகனின் கையைப் பற்றி, தொலைந்துபோன தம் கத்தியை"

பொம்மையனின் தகப்பனார் அப்போது உயிரோடு இருந்தார். நல்ல திடத்தோடு, பக்கத்துத் தோட்டக்காரரிடம் வரப்புச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் எப்படிக் கொல்வது?

பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஒன்றே ஒன்று வேண்டுமானால் சொல்லலாம். பொம்மையனுக்குக் கிணறு பங்காளிகளோடு பொது. மாடு ஒன்று இவருடையது, அதன் ஜோடி தம்பியுடையது. வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் சித்தப்பாவுடையது. ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கத்தி மட்டும் பிடியிலிருந்து முனைவரை அவருடையது. இதைக் காரணம் என்று நான் சொல்லவில்லை. தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

4

முதல் துரு, பாசத்தால் வந்தது.

கத்தி மடியில் சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் சிநேகிதரிடம் ஒரு துண்டுத் தோல் வாங்கி, தானே ஊசி பிடித்து ஓர் உறை தைத்தார் பொம்மையன். ஐப்பசி அடைமழை. கத்தியை உறைக்குள் போட்டு, உறையைத் துணியில் சுற்றி, துணியைத் தகரப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, மழை விட்டதும் எடுத்துப் பார்த்தார். அலகு முழுக்க மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாகத் துரு.

உடுத்திய துணியோடு பஸ் ஏறிக் கடைக்கு ஓடினார்.

"தோலுக்குள்ள வச்சீங்களா?" அப்துல் கையூம் தலையிலடித்துக்கொண்டார். "அது உப்புத் தண்ணியில ஊறி வந்த தோலுய்யா. ஈரத்தக் கூப்பிட்டு வச்சு விருந்து போடும். கத்தியப் பொத்திப் பொத்தி வச்சாத்தான் துருப்பிடிக்கும். எடுத்துப் பொழங்குங்க. பொழங்குற கத்தி துருப்பிடிக்காது."

எண்ணெய்த் துணியால் பொறுமையாகத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பொம்மையன் காதில் 'துருப்பிடிக்கும்' என்பது மட்டும்தான் விழுந்தது, 'பொழங்குங்க' விழவில்லை. அன்றுமுதல் காலையில் ஒரு துடைப்பு, மாலையில் ஒரு துடைப்பு, ஒரு சொட்டு எண்ணெய். சாமி விளக்குக்கு ஒருநாள் எண்ணெய் தவறினாலும் கத்திக்குத் தவறவில்லை.

மாயம்மாள் ஒருநாள் மாங்காயை நீட்டினார்.

"வெஞ்சனத்துக்கு இத நறுக்கிக் குடுங்க. என் கையி மாவா இருக்கு."

பொம்மையன் எழுந்து போய் அரிவாள்மணையைத் தூக்கி வந்து போட்டார்.

"கையில கத்திய வச்சுக்கிட்டு அருவாமணையத் தூக்கிட்டு வாரீக?"

"இதுக்குப் புளிப்பு ஆகாது புள்ள."

"எனக்குந்தான் ஒரு வாரமா வாயில புண்ணு. புளிப்பு ஆகல, ஒறப்பு ஆகல. என்னன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பீகளா?"

யோசித்துப் பார்த்தார். கேட்டதில்லை. இப்போது கேட்டால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. கத்தியைத் துடைத்தார்.

(இந்த இடத்தில் பொம்மையன்மேல் உங்களுக்குக் கோபம் வர வேண்டும். வராவிட்டால் நான் சரியாக எழுதவில்லை. ரொம்ப வந்துவிட்டால் அடுத்ததைப் படிக்க மாட்டீர்கள். மிதமாகக் கோபப்படுங்கள்.)

5

மாயம்மாளின் தம்பி சுருளிவேலுக்குச் சித்தையன்கோட்டையில் கல்யாணம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மாப்பிள்ளைக்குக் காப்புக் கட்டியதும் கையில் ஒரு கத்தியைக் கொடுப்பார்கள். கத்தி முனையில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். காத்துகருப்பு அண்டாமல் இருக்க. காப்பு அவிழ்க்கும்வரை பழத்தைப் பிடுங்கக் கூடாது. கத்தியைக் கொடுப்பது அக்காள் புருசன்மாரில் ஒருவர்.

பந்தக்கால் ஊன்றப் போன மாயம்மாள் அங்கே கண்டது வேறு. மூத்த அக்காள் வீட்டுக்காரர் எவர்சில்வர் குடம், தூக்கு, தாம்பாளம் என்று வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தார். இறக்கி முடியவே இல்லை. அகரத்தில் அந்த வருசம் தக்காளியைக் கேட்பாரில்லை. மாயம்மாள் கையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. "நீங்க என்ன செய்யிறீக?" என்று அக்காள் கேட்டபோது வாயிலிருந்து கத்தி வந்து விழுந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் கத்தி குடுப்பாக. அவுககிட்ட இருக்குற மாதிரிக் கத்தி இந்தச் சில்லாவுலயே யாருகிட்டயும் கிடையாது."

ஊருக்குத் திரும்பி வந்து இதைப் பொம்மையனிடம் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார். வேறெந்த நாளும் மாயம்மாள் தலையைக் குனிந்து பேசியதில்லை.

"சரி" என்றார் பொம்மையன்.

மறுநாளே திண்டுக்கல் போனார்.

"ராவுத்தரே, அன்னைக்கு மூஞ்சி பாக்குற கத்தி ஒண்ணு காட்டுனீகளே, இருக்கா?"

"சவரமா?"

"கல்யாணம்."

6

சித்தையன்கோட்டைப் பந்தல். பொம்மையனின் மாமியார் அய்யம்மாள் எவர்சில்வர்க் கத்தியைக் கையில் வாங்கினார். எலுமிச்சம்பழத்தைக் குத்தப்போனவர் நிறுத்திவிட்டு, அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் முகமே தெரிந்தது.

"அகரத்து மாப்ள, இது என்னத்துல செஞ்சது?"

"இரும்புதான் அத்தை. எவர்சில்வர்."

"இரும்புங்கிறீக, சில்வருங்கிறீக. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"ஒசத்தி இரும்பு அத்தை. எத்தன வருசம் போட்டு வச்சாலும் துருவே பிடிக்காது!"

இந்த வாக்கியத்தை அவர் சொல்லாமலிருக்க என்னாலான முயற்சியெல்லாம் செய்தேன். மேளக்காரரை இடையில் வாசிக்கச் சொன்னேன். ஒரு பிள்ளையை அழவைத்தேன். இரண்டையும் தாண்டிச் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

"துருப்பிடிக்காதா?" என்றார் அய்யம்மாள். பந்தல் அடங்கிவிட்டது. "துருப்பிடிக்காதது என்ன இரும்பு? காத்துகருப்பு இரும்புக்குப் பயப்படுமா, தட்டு டம்ளருக்குப் பயப்படுமா? இதக் கண்டா அது கிட்ட வந்து தலை சீவிக்கிட்டுல்ல போகும்!"

பந்தல் சிரித்தது. மூலையிலிருந்து ஒரு பெரியவர், "அதுக்கும் ஒரு சீப்பு வாங்கி வச்சுரு ஆத்தா" என்றார். இன்னும் சிரித்தது.

(துருப்பிடிக்காத உருக்கைக் கண்டு பேய்கள் அஞ்சுமா என்பது உண்மையிலேயே நல்ல கேள்வி. கேட்டுச் சொல்ல எனக்கு ஆள் பழக்கமில்லை.)

மஞ்சள் தட்டோடு நின்ற மாயம்மாள் சிரிக்கவில்லை. அக்காள் பக்கத்தில் வந்து, மெதுவாக, ஆனால் நாலு பேர் காதில் விழுகிற மெதுவில், "இதான் நீ சொன்ன கத்தியாடி?" என்றார்.

மாயம்மாள் தட்டைக் கீழே வைத்தார்.

"இது இல்ல. அது அவுக மடியில இருக்கு."

பந்தலில் இருந்த அத்தனை கண்ணும் பொம்மையனின் இடுப்புக்கு வந்தது.

7

இங்கே முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

"பொம்மையன் புன்னகையோடு கத்தியை எடுத்து நீட்டினார். 'பொருள் என்னய்யா பொருள், மனுசர்தான்' என்றார்."

பொய். இந்த ஆள் அப்படிப் பேசமாட்டார். பேசினால் நானே எழுந்து போய்விடுவேன்.

"'அந்தக் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்' என்றார் பொம்மையன். மாயம்மாள் திரும்பிப் போனார். சாப்பாடு பரிமாறினார். சாயங்காலம் பஸ் வந்தபோது ஏறவில்லை. 'நீங்க போங்க' என்றார். திண்டுக்கல் வரும்வரை பொம்மையன் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரவிடாமல் துண்டைப் போட்டு"

இதற்குமேல் எழுத முடியவில்லை. காகிதத்தைச் சுருட்டி எறிந்தேன். அப்புறம் எடுத்து விரித்து, அந்தத் துண்டு வருகிற வரியை மட்டும் அடித்துவிட்டேன். பிறகும் முடியவில்லை.

"அந்த நேரம் பார்த்து ஒரு திருடன்"

கூட்டத்தில் திருடனை விடுவது, எழுதுகிறவனுக்கு வேறு போக்கிடம் இல்லாதபோது செய்கிற வேலை. எனக்குப் போக்கிடம் இல்லைதான். இருந்தாலும்.

8

நடந்ததைச் சொல்கிறேன்.

பொம்மையன் மடியை அவிழ்த்தார். 'டக்.' அந்தச் சத்தத்திலேயே பந்தலுக்குப் புரிந்துவிட்டது. சாம்பல் நிற அலகைப் பார்த்து அய்யம்மாள், "இதுல்ல இரும்பு!" என்று பழத்தைக் குத்தினார். சாறு பீறிட்டு அலகில் வழிந்தது. பொம்மையன் கண்ணை மூடிக்கொண்டார். மாயம்மாள் அக்காளைத் திரும்பிப் பார்த்த பார்வையை அதனால் அவர் பார்க்கவில்லை. எவர்சில்வர்க் குடங்கள் எல்லாவற்றையும் அந்த ஒரு பார்வையில் வண்டியில் திருப்பி ஏற்றிவிட்டார் மாயம்மாள்.

மாப்பிள்ளைத் தோழனாக யார் உட்காருவது என்ற பேச்சு வருமுன் பொம்மையன் சுருளிவேலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்தார். ஒரு சொட்டு இறங்கும், துடைப்பார். மறு சொட்டு இறங்கும், துடைப்பார். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல இவர் துடைத்தார்.

பின்னால் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படி ஒக்காரமாட்டான்."

"கையி பிசுபிசுக்குமேன்னு தொடச்சு விடுறாக பாரு. மாயம்மா குடுத்துவச்சவ."

காதில் விழுந்தது. பொம்மையன் என்ன செய்வார்? துடைத்தார்.

சுருளிவேல் உதட்டை அசைக்காமல், "மச்சான், கையெல்லாம் வேர்க்குது. எந்திரிச்சுப் போயிறாதீக" என்றான்.

"எங்கய்யா போகப் போறேன். இங்கதான் இருக்கேன்."

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று பொம்மையனுக்கே சந்தேகமாகிவிட்டது. மறுமுறை துண்டை எடுத்தபோது அலகைத் துடைக்கவில்லை. பையனின் உள்ளங்கையைத் துடைத்துவிட்டார். ஒரே ஒரு தடவை. நான் பார்த்தேன். பெண்கள் சொன்னது அந்த ஒரு தடவைக்கு உண்மை.

கெட்டிமேளம். தாலி கட்ட இரண்டு கையும் வேண்டுமே. சுருளிவேல் கத்தியைப் பொம்மையனிடம் நீட்டினான். முதல் முடிச்சை அவன் போட, பெண்ணுக்குப் பின்னால் குனிந்து மற்ற இரண்டையும் நாத்தனார் மாயம்மாள் போட்டார். நிமிர்ந்தவர் நேராகப் புருசனிடம் வந்தார்.

துண்டு நனைந்து பிழிகிற பதத்தில் இருந்தது. சாறு அலகைத் தாண்டி, பிடியோடு சேரும் மூட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க முடியாத இடம் அது. பொம்மையனின் முகம் போன போக்கைப் பார்த்தார் மாயம்மாள். முந்தானையை இழுத்தார். தம் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு. அவரிடம் இருக்கிற ஒரே பட்டு. அதன் முனையை முறுக்கி, மூட்டின் இடுக்குக்குள் விட்டுத் துடைத்தார்.

"ஏ புள்ள, சேல! கறை போகாதுடி!"

"கத்தாதீக." குனிந்தபடியே, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "எண்ணக் குப்பி கொண்டாந்திருப்பீகள்ல? எடுங்க."

எண்ணெய்க் குப்பியா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் பகுதியிலிருந்து ஒரு வரி விடாமல் திரும்பப் படித்தேன். பந்தலில் மடியில் கத்தி இருந்தது, சரி. குப்பி எங்குமே இல்லை. எழுதுகிற எனக்கே தெரியாமல் மனுசன் எடுத்து வந்திருக்கிறார். கட்டிய பெண்டாட்டிக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

எடுத்தால், இவ்வளவு நேரம் யார் பக்கத்தில் எதற்காக உட்கார்ந்திருந்தார் என்பது பந்தலுக்கே வெட்டவெளிச்சம். அக்காள் பார்ப்பார். குடத்தையெல்லாம் மறுபடி வண்டியிலிருந்து இறக்குவார். மாயம்மாள் தலை நிமிர்ந்து நிற்கிற இந்த ஒரு நாள் போச்சு. எடுக்காவிட்டால் காப்பு அவிழ்ப்பதற்குள் மூட்டு அரித்து, கத்தி அப்புறம் 'டக்' என்று சொல்லாது. அதைவிட, பட்டைப் பாழாக்கிக்கொண்டு குனிந்து நிற்கிற பெண்ணிடம், "எண்ணெயா? நான் கொண்டு வரலியே" என்று சொல்ல வேண்டிவரும். அவர் நம்பமாட்டார். நம்பாமலே சரி என்பார்.

பொம்மையனின் கை மடிவரைக்கும் போய்விட்டது. அதற்குமேல் நான் எழுதினால்தான் நகரும். நான் எழுதப்போவதில்லை; எனக்கு இரண்டு பேருமே வேண்டியவர்கள்.

அட்சதை விழுந்துகொண்டிருக்கிறது. இப்போதைக்கு எல்லார் கண்ணும் பெண்மேலும் மாப்பிள்ளைமேலும் இருக்கிறது. கடைசி அரிசி தரையைத் தொட்டதும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பிவிடும். எடுக்கலாமா வேண்டாமா, அதற்குள் நீங்கள் சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம். அக்காள் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறார்.